பழைய கார்ட்டூன் தளங்களுக்குள் மறுபடி நுழைய: வேபேக் மெஷின், ரஃபிள், ஃப்ளாஷ்பாயிண்ட், ஓல்ட்வெப் டுடே – எது எதற்கு உதவும்?

2024 ஆகஸ்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் அமெரிக்க இணையதளத்தை மூடிவிட்டார்கள். 1998-இல் தொடங்கி கால் நூற்றாண்டு தாண்டி ஓடிய முகவரி. உள்ளே போக முயன்றவர்களை உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி தன் ஸ்ட்ரீமிங் சேவைக்குத் திருப்பிவிட்டது. டெக்ஸ்டர், ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ், எட்-எட்-எடி என்று தொடருக்கொரு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு விளையாட்டும், நாலு வால்பேப்பரும் இருந்த இடம் அது. தொடரை விளம்பரப்படுத்தக் கட்டிய பக்கங்கள்தான். ஆனாலும் டிவியில் வராத ஓவியங்கள், பின்னணி வரைபடங்கள், அந்தத் தளத்துக்கென்றே வரைந்த குட்டி அனிமேஷன்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. டிவிடியில் கிடைக்காது, ஸ்ட்ரீமிங்கிலும் கிடைக்காது.

இப்போது அவற்றைப் பார்க்க நான்கு கருவிகள் கைவசம் உள்ளன, நான்கும் இலவசம். ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதுதான் இந்த விமர்சனம். ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தளம் எவ்வளவு பழையது என்பது முக்கியமே இல்லை; அது எந்த வகைக் கோப்புகளால் கட்டப்பட்டது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1997-இல் வெறும் ஹெச்.டி.எம்.எல்லும் ஜிஃப் படங்களுமாக எழுதிய பக்கம் இன்றைக்கும் முழுசாகத் திறக்கும். 2003-இல் பெரிய பட்ஜெட்டில், முகப்பிலிருந்து மெனு வரை ஃப்ளாஷிலேயே (பிரவுசரில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட்ட அந்தக் காலத்தில் பயன்பட்ட மென்பொருள்) செய்த தளம் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கும். ஸ்பேஸ் ஜாம் படத்துக்காக 1996-இல் போட்ட தளம் நல்ல உதாரணம். டிவி தொடருடையது இல்லைதான், ஆனால் அதே வார்னர் பட்டறை. 2021-இல் புதிய படம் வந்தபோது அதே டொமைனில் ஓர் உள்முகவரிக்கு மாற்றி வைத்தார்களே தவிர, பக்கங்களை மாற்றவில்லை. எந்த எமுலேட்டரும் (பழைய மென்பொருளின் வேலையைத் தான் நடித்துச் செய்யும் நிரல்) இல்லாமல் இன்றைய பிரவுசரிலேயே அது ஓடுவதற்குக் காரணம், உடைவதற்கு அதில் எதுவும் இல்லை என்பதுதான்.

வேபேக் மெஷின்: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

இன்டர்நெட் ஆர்கைவ் 1996-இல் இணையப் பக்கங்களைச் சேகரிக்க ஆரம்பித்தது. பொதுமக்களுக்கு வேபேக் மெஷின் திறந்தது 2001 அக்டோபரில். கார்ட்டூன் தளங்களின் பொற்காலம் ஏறக்குறைய முழுவதும் இதன் கண்ணில் பட்டிருக்கிறது. மற்ற கருவிகளும் பல நேரம் இதன் சேமிப்பைத்தான் நம்பி நிற்கின்றன.

பெரும்பாலானோர் முகவரியைத் தட்டி, காலண்டரில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, முகப்புப் பக்கம் பாதி உடைந்து வந்ததும் மூடிவிடுகிறார்கள். முகப்புப் பக்கம்தான் ஒரு தளத்திலேயே மோசமாகப் பாதுகாக்கப்பட்ட பக்கம். தினமும் மாறும், விளம்பரப் பட்டைகள் வேறு சர்வரிலிருந்து வரும், ஃப்ளாஷ் இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். டொமைன் பெயரை அடுத்து ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடினால், அந்தத் தளத்தின் கீழ் சேமிக்கப்பட்ட முகவரிகள் பட்டியலாக வரும். மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் எஸ்.டபிள்யூ.எஃப் என்ற கோப்பு நீட்டிப்பைத் தட்டினால் ஃப்ளாஷ் கோப்புகள் மட்டும் நிற்கும். பெரிய தளங்களில் இந்தப் பட்டியல் 10,000 முகவரிகளோடு நின்றுவிடும். அதனால் டொமைன் முழுவதையும் கேட்காமல், விளையாட்டு ஃபோல்டர், படங்களின் ஃபோல்டர் என்று உட்பிரிவு வாரியாகக் கேளுங்கள்.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய நெடுவரிசை, கோப்பு வகையைக் காட்டுவது. எஸ்.டபிள்யூ.எஃப் என்று முடியும் முகவரிக்கு எதிரே ஃப்ளாஷ் என்று இல்லாமல் டெக்ஸ்ட்/ஹெச்.டி.எம்.எல் என்று இருந்தால், சேமிக்கப்பட்டது விளையாட்டு அல்ல. 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற அறிவிப்பு. இதைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் நேரம்தான் வீணாகும். ஒரே முகவரிக்குப் பல சேமிப்புகள் இருந்தால் முதலாவதைத் திறவுங்கள். கோப்பு சர்வரில் உயிரோடு இருந்த காலத்துக்கு அதுதான் அருகில் இருப்பது. பிந்தையவை பல நேரம் திருப்பிவிடும் பக்கங்களாகவே இருக்கும்.

தேதியை நம்பிவிடக் கூடாது என்பதும் முக்கியம். வேபேக் ஒரு பக்கத்தைக் காட்டும்போது அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் அந்தத் தேதிக்கு மிக அருகில் கிடைப்பதை எடுத்து ஒட்டுகிறது. 1999 பக்கத்தில் 2001-ஆம் ஆண்டுப் படம் வந்து உட்காரும். அதுவும் ஃப்ரேம்களாகப் பிரித்த தளங்களில் இடப்பக்க மெனு ஒரு வருடம், நடுப்பக்கம் இன்னொரு வருடம் என்று கலந்துவிடும். பக்கத்தின் மேல்பட்டையில் 'இந்தச் சேமிப்பைப் பற்றி' என்ற இணைப்பைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் எத்தனை நாள், எத்தனை மாதம் முன்பின் என்று காட்டும். ஒரு லோகோ எந்த வருடம் மாறியது, ஒரு தொடரின் பக்கம் எப்போது தொடங்கியது என்று எழுதப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் எழுதினால் தப்பாகத்தான் எழுதுவார்கள்.

அசல் கோப்பு வேண்டுமென்றால் இன்னொரு வழி. வேபேக் முகவரியின் நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டு நான்கு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி தலா இரண்டு. அந்த எண்ணின் வாலில் இடைவெளி விடாமல் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஐ, டி, பிறகு ஓர் அடிக்கோடு சேர்த்தால், வேபேக் தன் பட்டையையும் தான் மாற்றிய இணைப்புகளையும் நீக்கிவிட்டு, அன்று சர்வர் அனுப்பிய கோப்பை அப்படியே தரும். ஃப்ளாஷ் கோப்புகளை டவுன்லோட் செய்யும்போது இந்த வழியில் எடுத்தால்தான் உண்மையான கோப்பு கிடைக்கும்.

குறை என்று சொன்னால் வேகம். நெரிசல் நேரத்தில் பட்டியல்கள் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்து வேகமாகக் கேட்டால் சற்று நேரம் கதவைச் சாத்திவிடும். 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் முழுத் தளமும் பல நாள் முடங்கியது. கிடைத்ததை உடனே சேமித்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ரஃபிள்: பாதி வெற்றியை இதுதான் தருகிறது

ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயர் தானாகவே கோப்புகளை ஓட்ட மறுத்தது. அந்த இடத்துக்கு வந்ததுதான் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் எமுலேட்டர். இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரிலேயே இதை ஏற்றுக்கொண்டது. வேபேக்கில் பழைய பக்கத்தைத் திறந்ததும் ஃப்ளாஷ் பகுதி உயிர் பெறுவது இதனால்தான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனாகவும், கணினியில் தனியாக ஓடும் நிரலாகவும் கிடைக்கிறது. ஃப்ளாஷ் பிளேயர் என்ற பெயரில் கண்ட தளங்களில் கிடைக்கும் இன்ஸ்டாலர்களைத் தொடவே வேண்டாம். ரஃபிள் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

கார்ட்டூன் தளங்களைப் பொறுத்தவரை ரஃபிளுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டின் மூன்றாம் பதிப்பு 2006-இல் ஃப்ளாஷ் பிளேயர் 9-உடன்தான் வந்தது. அதற்கு முந்தைய கோப்புகள் எல்லாம் ஒன்று அல்லது இரண்டாம் பதிப்பில் எழுதியவை, ரஃபிள் மிக நன்றாகக் கையாள்வது அவற்றைத்தான். ஆக 1998 முதல் 2005 வரையிலான விளையாட்டுகளும் குட்டி அனிமேஷன்களும் பெரும்பாலும் சுத்தமாக ஓடும். பிந்தையவற்றில் நிலைமை வருடா வருடம் முன்னேறினாலும், பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காதது, பாத்திரம் தரைக்குள் போவது போன்ற கோளாறுகளை எதிர்பார்க்க வேண்டும்.

கோப்பு எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிப்பது சுலபம். டவுன்லோட் செய்த எஸ்.டபிள்யூ.எஃப் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் நிரல்) திறந்தால் முதல் மூன்று எழுத்துகள் எஃப்-டபிள்யூ-எஸ் அல்லது சி-டபிள்யூ-எஸ் என்று இருக்கும். முன்னது சுருக்கப்படாத கோப்பு, பின்னது ஃப்ளாஷ் 6 முதல் வந்த சுருக்கப்பட்ட வடிவம். அதற்கடுத்த நான்காவது பைட்தான் பதிப்பு எண். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கவலையில்லை. முதல் எழுத்தே கோண அடைப்புக்குறியாக இருந்தால், முன்பு சொன்ன 'பக்கம் கிடைக்கவில்லை' அறிவிப்புதான் விளையாட்டின் பெயரில் வந்து இறங்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ரஃபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடிக்கடி வரும் சிக்கல், 'லோடிங்' பட்டை பாதியில் அல்லது 100 சதவீதத்தில் நின்றுபோவது. இதற்கு மூன்று காரணங்கள். மூன்றுக்கும் தீர்வு வேறு.

முதலாவது, நீங்கள் திறந்தது வெறும் உறை. பெரிய விளையாட்டுகளை ஒரே கோப்பில் போடாமல், முதலில் ஒரு சின்னக் கோப்பை ஓட்டி, அது நிலைகள், ஒலி, பாத்திரங்கள் என்று மற்ற கோப்புகளை இழுக்கும்படி செய்வார்கள். வேபேக்கின் ஊர்ந்து சேகரிக்கும் நிரல் பக்கத்திலுள்ள இணைப்புகளைத்தான் பின்தொடரும். ஃப்ளாஷ் கோப்புக்குள் புதைந்த பெயர்கள் பல நேரம் அதற்குத் தெரியாது. எனவே உறை மட்டும் சேமிப்பில் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. பிரவுசரில் எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றினால், கிடைக்காத கோப்புகள் 404 என்று சிவப்பில் வரும். அந்தப் பெயரை எடுத்து, நட்சத்திரப் பட்டியலில் தேடுங்கள். வேறு துணை டொமைனில், வேறு ஃபோல்டரில் அதே பெயரில் இருப்பது உண்டு. அந்த வரியில் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறியும் நீண்ட எண்ணும் ஒட்டியிருந்தால், பிரவுசரின் பழைய நகலைத் தவிர்க்க அந்த விளையாட்டு ஒவ்வொரு முறையும் புது எண் சேர்க்கிறது என்று அர்த்தம். அப்படியொரு முகவரி எந்தக் காப்பகத்திலும் இருக்காது. கேள்விக்குறியிலிருந்து வாலை வெட்டிவிட்டுத் தேடினால் அசல் கோப்பு பல நேரம் அகப்படும்.

இரண்டாவது, இடப்பூட்டு. மற்ற தளங்கள் விளையாட்டைத் திருடிப் போடாமல் இருக்க, தான் எந்த முகவரியிலிருந்து ஓடுகிறேன் என்று கோப்பே பார்க்கும். சொந்த டொமைன் இல்லையென்றால் நின்றுவிடும். வேபேக்கில் முகவரி ஆர்கைவின் பெயரில் இருப்பதால் பூட்டு திறக்காது. இங்கே கணினியில் ஓடும் ரஃபிள்தான் உதவும். கோப்பைத் திறக்கும்போது மேம்பட்ட திறப்பு என்ற சாளரத்தில், கோப்பு நம்ப வேண்டிய போலி முகவரியையும், துணைக் கோப்புகளைத் தேட வேண்டிய அடிப்படை ஃபோல்டரையும் தனித்தனியே கொடுக்கலாம். முதலாவதில் விளையாட்டின் அசல் முழு முகவரி. இரண்டாவதில் கணினியில் சேமித்து வைத்த ஃபோல்டர். துணைக் கோப்புகளை அசல் தளத்தில் இருந்த அதே ஃபோல்டர் அடுக்கில் வைத்திருக்க வேண்டும், ஒரு பெயரைக்கூட மாற்றக் கூடாது. இந்த ஒரு வசதிக்காகவே கணினிப் பதிப்பைக் கட்டாயம் வைத்திருக்கலாம்.

மூன்றாவது, விளையாட்டுக்கு வெளியே இருந்து வர வேண்டிய மதிப்புகள். பக்கத்தின் ஹெச்.டி.எம்.எல்லில் ஃப்ளாஷ்வார்ஸ் என்ற பெயரில் மொழி, நிலை, ஃபோல்டர் பாதை போன்றவற்றைக் கொடுத்திருப்பார்கள். கோப்பை மட்டும் தனியே திறந்தால் அவை வராது. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து அந்த வரியைப் படித்து, ரஃபிளின் அதே சாளரத்தில் அளவுருக்களாகக் கொடுக்க வேண்டும்.

இவற்றில் எது என்று பிடிபடவில்லை என்றால் ஜேபெக்ஸ் என்ற இலவச டிகம்பைலரில் (கோப்பைப் பிரித்து உள்ளிருக்கும் நிரலைக் காட்டும் கருவி) கோப்பைத் திறந்து பார்க்கலாம். ஸ்கிரிப்ட் பகுதியில் லோட்மூவி என்ற கட்டளையைத் தேடினால் எந்தக் கோப்பைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். விளையாட்டு ஓடவே ஓடாத நிலையிலும் உள்ளிருக்கும் ஓவியங்களையும் ஒலிகளையும் இதில் தனித்தனியே பிரித்து எடுக்கலாம். வெக்டர் வடிவங்களை எஸ்.வி.ஜி கோப்பாக எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. டெக்ஸ்டரின் சோதனைக்கூடப் பின்னணி போன்ற கூர்மையான கோடுகளுள்ள படங்களுக்கு இதைவிட நல்ல மூலம் பொதுவெளியில் கிடைப்பது அரிது.

ரஃபிளில் எரிச்சலூட்டும் சின்ன விஷயங்களும் உண்டு. கணினியின் எழுத்துருவை நம்பி எழுதிய வசனங்கள் வேறு எழுத்துருவில் வந்து கட்டத்தை விட்டு வழியும். பிரவுசர் தானாக ஒலி எழுப்ப விடாது என்பதால் முதலில் ஒரு கிளிக் தேவை. அதற்குள் அறிமுக இசை ஓடி முடிந்திருக்கும், பக்கத்தை மறுபடி ஏற்றிச் சட்டென்று கிளிக் செய்ய வேண்டும். விளையாட்டு முடிந்து மதிப்பெண்ணை அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவே அழுத்தாதீர்கள். பதில் சொல்ல அந்தப் பக்கம் சர்வரே இல்லை. 'அனுப்புகிறது' என்று காட்டியபடி அங்கேயே நின்றுவிடும்.

சில பக்கங்களில் ஃப்ளாஷ் பகுதியே வராமல், பிளேயரை டவுன்லோட் செய்யச் சொல்லும் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஃப்ளாஷ் 3 அல்லது 4 இருக்கிறதா என்று சோதிக்கும் அந்தக் காலத்து நிரல் இன்றைய பிரவுசரைப் பார்த்துக் குழம்புகிறது. ரஃபிள் எக்ஸ்டென்ஷன் பல நேரம் அந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். ஏமாற்ற முடியாதபோது மூலநிரலில் எஸ்.டபிள்யூ.எஃப் என்று தேடி, கோப்பின் முகவரிக்கு நேராகப் போய்விடுவதே வழி.

ஃப்ளாஷ்பாயிண்ட்: விளையாடத்தான் வேண்டும் என்றால்

ஃப்ளாஷ்பாயிண்ட் ஆர்கைவ் 2018 வாக்கில் தொடங்கிய தன்னார்வலர் திட்டம். இணைய விளையாட்டுகளும் அனிமேஷன்களுமாக 2 லட்சத்துக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று சிக்கல்களையும் முன்கூட்டியே தீர்த்து வைத்திருப்பதுதான் இதன் அருமை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேவையான துணைக் கோப்புகளைத் தேடிச் சேர்த்து, ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் சேர்க்கிறார்கள். கணினிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வரை ஓட்டி, விளையாட்டு தன் அசல் முகவரியிலேயே இருப்பதாக நம்பவைக்கிறது. இடப்பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

இரண்டு வடிவங்கள் உண்டு. இன்ஃபினிட்டி என்பது சிறியது. எந்த விளையாட்டைத் திறக்கிறீர்களோ அதை அப்போது இறக்கிக்கொள்ளும். அல்டிமேட் என்பது முழுத் தொகுப்பு; ஒரு டெராபைட்டைத் தாண்டும். கார்ட்டூன் விளையாட்டுகளுக்காக மட்டும் வருகிறவர்களுக்கு இன்ஃபினிட்டி தாராளமாகப் போதும். விண்டோஸில் சிக்கலில்லாமல் ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் கூடுதல் வேலை இருக்கிறது. ஆன்டிவைரஸ் சில உள்கோப்புகளைச் சந்தேகப்பட்டுத் தடுப்பதுண்டு. அதனால் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது தொடரின் பெயரோடு நிறுத்தாமல், வெளியீட்டாளர் என்ற இடத்தில் சேனலின் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒரே விளையாட்டு வெவ்வேறு நாட்டுத் தளங்களில் வெவ்வேறு தலைப்பில் வந்திருக்கும்.

ஷாக்வேவ் விளையாட்டுகளுக்கு இதை விட்டால் வேறு எளிய வழி இல்லை. இங்கே பலர் குழம்புவதால் விளக்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஃப்ளாஷையும் 'ஷாக்வேவ் ஃப்ளாஷ்' என்றே அழைத்தார்கள். மேக்ரோமீடியா டைரக்டரில் செய்து டி.சி.ஆர் என்று முடியும் கோப்புகளையும் 'ஷாக்வேவ்' என்றார்கள். இரண்டும் வேறு. முப்பரிமாண ஓட்டப் பந்தயங்களும் கனமான சாகச விளையாட்டுகளும் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஷாக்வேவ் பிளேயரை அடோபி 2019 ஏப்ரலில் கைவிட்டது. ரஃபிளால் இவற்றைத் திறக்கவே முடியாது. வேபேக்கில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். கோப்பு டி.சி.ஆர் என்றால் நேரம் கடத்தாமல் ஃப்ளாஷ்பாயிண்ட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஆனால் ஃப்ளாஷ்பாயிண்ட்டில் கிடைப்பது விளையாட்டு மட்டுமே, அது இருந்த பக்கம் அல்ல. சுற்றிலும் இருந்த மெனு, பாத்திர அறிமுகங்கள், இந்த வார நிகழ்ச்சி நேரம் எதுவும் இருக்காது. தொடரின் உலகத்துக்குள் உலாவும் உணர்வுக்காக வருகிறவர்களுக்கு அது பெரிய இழப்புதான்.

ஓல்ட்வெப் டுடே

அந்த உணர்வைத் தருவது இதுதான். இணையப் பக்கங்களைக் காப்பகப்படுத்தும் கருவிகளைச் செய்யும் வெப்ரெக்கார்டர் குழுவின் சேவை. எதையும் நிறுவ வேண்டாம். நெட்ஸ்கேப், பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போன்றவற்றை ஒரு பழைய கணினியோடு சேர்த்து உங்கள் பிரவுசருக்குள்ளேயே எமுலேட் செய்கிறது. பிரவுசரைத் தேர்ந்தெடுத்து, முகவரியும் தேதியும் கொடுத்தால், பக்கத்தை வேபேக் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டும். 800-க்கு 600 திரைக்கென்று அளந்து வரைந்த பக்கம் அந்த அளவில், அந்தப் பிரவுசரின் சாம்பல் சட்டத்துக்குள் வரும்போதுதான் அதன் வடிவமைப்பு எவ்வளவு கச்சிதமானது என்று புரிகிறது. இன்றைய அகலத் திரையில் இடது மூலையில் தபால்தலை போல ஒட்டிக்கொண்டிருந்த அதே பக்கம், அங்கே விளிம்பு வரை நிறைந்திருக்கும்.

பொறுமை வேண்டும். எமுலேட்டர் எழுந்து நிற்கவே நேரமாகும். கனமான ஃப்ளாஷ் அனிமேஷன் திக்கித் திணறும். போனில் முயல வேண்டாம். தளத்தின் தோற்றத்தைப் பார்க்க இதைத் திறந்து, எது பிடித்ததோ அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு, வேபேக்கில் போய் எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

வீடியோ, ஒலி, இலவச இணைப்புகள்

வீடியோத் துணுக்குகளில் குயிக்டைம் கோப்புகள் பிழைத்திருக்கின்றன; இறக்கி வி.எல்.சி.யில் போட்டால் ஓடிவிடும். ரியல்பிளேயர் துணுக்குகள் ஏறக்குறைய போனவைதான். ஆர்.ஏ.எம் என்று முடியும் கோப்பு வீடியோவே இல்லை, வீடியோ எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒருவரி உரை. நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் முகவரி ஆர்.டி.எஸ்.பி என்றோ பி.என்.எம் என்றோ தொடங்கினால் அது நேரலை ஓட்டச் சர்வரில் இருந்தது. காப்பகத்துக்கு வரவே இல்லை. ஹெச்.டி.டி.பி என்று தொடங்கினால் மட்டும் தேடிப் பார்க்கலாம்.

வால்பேப்பர்கள் 640-க்கு 480 முதல் 1024-க்கு 768 வரை நன்றாகவே கிடைக்கின்றன. வண்ணம் தீட்டும் தாள்கள் பி.டி.எஃப் என்றால் இன்றும் அச்சிடத் தயார். விளம்பரத் தளங்களின் எல்லாப் பொருள்களிலும் நன்றாகப் பிழைத்தது இதுதான். ஸ்கிரீன்சேவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவற்றின் இன்ஸ்டாலர்கள் பல 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டாது.

எந்தக் கருவியாலும் மீட்க முடியாதவை

கோப்பாக இல்லாமல் சர்வரில் வாழ்ந்தவை போய்விட்டன. 2000 முதல் 2006 வரை ஓடிய கார்ட்டூன் ஆர்பிட்டில் பாத்திர அட்டைகளைச் சேர்த்து, மற்றவர்களோடு மாற்றிக்கொண்டு, தனக்கென்று ஒரு பக்கத்தை அலங்கரிக்கலாம். வேபேக்கில் அதன் வாசல் தெரிகிறது, உள்ளே எதுவும் இல்லை. அட்டைகளின் படங்களைப் பட்டியலிலிருந்து பொறுக்கலாம். யார் கையில் எது இருந்தது என்ற கணக்கு சர்வரோடு மறைந்துவிட்டது. 2009 முதல் 2013 வரை இருந்த ஃபியூஷன்ஃபால் அதைவிடப் பெரிய உலகம். யூனிட்டி வெப் பிளேயர் என்ற இன்னொரு பிரவுசர் பிளேயரில் ஓடியது. ரசிகர்கள் சர்வரை மறுபடி எழுதியதால்தான் இன்று அதைப் பார்க்கவே முடிகிறது. அப்படிக் கட்டிய ஒன்றை 2020-இல் உரிமையாளர் தரப்பு மூடவைத்தது. இந்த இரண்டையும் நினைத்துக்கொண்டு வேபேக்கில் நுழைந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

கோப்பாக இருந்து காப்பகத்துக்கு வராமல் போனவற்றுக்கு மட்டும் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2000-களில் கார்ட்டூன் தளங்கள் திறக்கப்பட்ட பழைய கணினியோ ஹார்ட் டிஸ்கோ எங்காவது கிடந்தால், விண்டோஸை மறுபடி நிறுவிவிடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் இணையுங்கள். பயனர் ஃபோல்டருக்குள், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்தால், 'டெம்ப்ரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' என்ற இடம் தெரியும். அதில் எஸ்.டபிள்யூ.எஃப், டி.சி.ஆர் இரண்டையும் தேடுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் சதுர அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று ஓர் எண்ணைச் சேர்த்திருக்கும். அதை நீக்கினால் அசல் பெயர் வந்துவிடும். அந்த இடத்துக்குள்ளேயே உள்ள இண்டெக்ஸ் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள், எந்தக் கோப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது அதில்தான் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் வேபேக்கின் பட்டியலிலும் ஃப்ளாஷ்பாயிண்ட்டிலும் தேடிப் பாருங்கள். இரண்டிலும் இல்லாத ஒன்று அகப்பட்டால் அதை ஃப்ளாஷ்பாயிண்ட் குழுவுக்கு அனுப்பலாம். புதிய வரவுகளைச் சோதித்துச் சேர்க்க அங்கே தனி வழிமுறையே வைத்திருக்கிறார்கள். அனுப்பும்போது கோப்போடு அதன் அசல் முழு முகவரியையும் கொடுங்கள். இடப்பூட்டு உள்ள விளையாட்டை அந்த முகவரி இல்லாமல் அவர்களாலும் ஓட்ட முடியாது.